இன்டைட்மென்ட்: குற்றப்பகர்வு

டிரம்ப் மீண்டும் அதிபர் தேர்தலில் நின்றபோது நாள்தோறும் காதில் விழுந்த சொல் இது. 'குற்றப்பத்திரிகை' என்று பெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வை முடித்த காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கை. அமெரிக்காவில் நடப்பது வேறு.

அங்கே அரசு வழக்குரைஞர் தம் சான்றுகளைக் 'கிராண்ட் ஜூரி' எனும் பெருநடுவர் குழுவின் முன் வைக்கிறார். கூட்டாட்சி வழக்கென்றால் 16 முதல் 23 பேர், எல்லோரும் பொதுமக்கள். அறைக்குள் நீதிபதி இருப்பதில்லை, எதிர்த்தரப்பு வாதமும் கிடையாது. குற்றம் செய்தாரா என்பதல்ல அவர்கள் முன்னுள்ள கேள்வி. வழக்கு நடத்த முகாந்திரம் உண்டா என்பதே. 12 பேர் ஆம் என்றால் போதும்.

ஆகவே இதைக் 'குற்றவாளி என அறிவிப்பு' என்று எழுதுவது பெரும்பிழை. மன்ஹாட்டனில் டிரம்ப் மீது குற்றம் பகரப்பட்டது 2023 மார்ச் 30. பின்னர் நீதிமன்ற விசாரணையைக் கேட்ட வேறு நடுவர்கள் 12 பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றது 2024 மே 30. இடைப்பட்ட 14 மாதங்களும் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே. அரசின் இரகசிய ஆவணங்களை வைத்திருந்ததாகப் புளோரிடாவில் அவர்மேல் பகரப்பட்ட வழக்கோ விசாரணைக்கே வராமல் 2024 ஜூலையில் தள்ளுபடியானது.

பகர்வோ தீர்ப்போ அதிபர் தேர்தலில் நிற்பதைத் தடுக்காது. பிறப்பால் குடியுரிமை, 35 வயது, 14 ஆண்டு வசிப்பு ஆகியவற்றையே அரசியலமைப்பு தகுதிகளாகக் கேட்கிறது. 1920-இல் சோசலிசக் கட்சியின் யூஜின் டெப்ஸ் சிறையிலிருந்தபடியே போட்டியிட்டார்.

சொல்லின் வேர் இலத்தீன் 'டிக்டாரே': சொல்லி எழுதவைத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'க்' ஒலி தேய்ந்தது. பின்னாளில் இலத்தீன் உறவைக் காட்ட எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். 'இன்டிக்ட்மென்ட்' என்று நாம் தடுமாறுவது அதனால்தான்.

இலங்கைத் தமிழில் இதற்கு அருமையான சொல் ஏற்கெனவே புழங்குகிறது: குற்றப்பகர்வு, ஆவணத்துக்குக் குற்றப்பகர்வுப் பத்திரம். அங்கே அதைத் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபர் எனும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி, பெருநடுவர் குழு அல்ல. ஆனாலும் 'பகர்' என்பதற்குச் சொல் என்றே பொருள். இலத்தீன் வேரும் அதுவே. காவல்துறை அறிக்கையோடு குழம்பவும் வழியில்லை.

குற்றப்பகர்வில் வரும் 'கவுன்ட்' என்பதை 'எண்ணிக்கை' என்று பெயர்க்க வேண்டாம். அது தனித்தனிக் குற்றச்சாட்டு. மன்ஹாட்டன் வழக்கை இப்படி எழுதலாம்: வணிகப் பதிவேடுகளில் பொய் புனைந்ததாக 34 குற்றச்சாட்டுகள் கொண்ட குற்றப்பகர்வு.