பரணில் கிடந்த ரவுட்டரும் வைஃபை இல்லாத கம்ப்யூட்டரும்

மாடி அறையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. எக்ஸ்பி காலத்து ஆசாமி, இப்போது லினக்ஸில் ஓடுகிறது, தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் தாராளமாகப் போதும். வைஃபை மட்டும் கிடையாது, பின்பக்கம் லேன் கேபிள் செருகும் ஓட்டை ஒன்றுதான். நெட் கனெக்‌ஷன் கீழே ஹாலில். சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுக்கலாம் என்றேன், போன வருஷம்தான் பெயின்ட் அடித்தது என்று அப்பா முறைத்தார். யூஎஸ்பி வைஃபை குச்சி வாங்கலாம், ஆனால் பழைய சிஸ்டத்துக்கு டிரைவர் தேடுவது தனி ரோதனை. அப்போதுதான் பரணில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ரவுட்டர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

ரவுட்டர் என்றால் வைஃபை கொடுக்கும் பெட்டி என்றே பழகிவிட்டோம். ஆனால் உள்ளே இருக்கும் ரேடியோ சிப்புக்கு கொடுப்பதும் ஒன்றுதான், வாங்குவதும் ஒன்றுதான். எந்த வேடம் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது மென்பொருள். சொல்லப்போனால் ரவுட்டரே ஒரு குட்டி கம்ப்யூட்டர். 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று தெரியவந்து, 2003இல் அதன் மூலநிரலை வெளியிடும்படி ஆயிற்று. அதிலிருந்து கிளைத்ததுதான் 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களில் ஏற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள். இப்போது பல சாதாரண ரவுட்டர்களின் மெனுவிலேயே ‘கிளையன்ட்’ என்றோ ‘பிரிட்ஜ்’ என்றோ ஒரு மோட் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், உங்கள் போன் எப்படி ஹால் ரவுட்டரோடு சேர்கிறதோ அப்படியே இதுவும் சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. அதைப் பொறுத்தவரை கேபிள் செருகியிருக்கிறது, நெட் வருகிறது, அவ்வளவுதான். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாஸ்வேர்டு பூட்டைத் திறப்பதெல்லாம் ரவுட்டரின் தலைவலி.

கேட்க இவ்வளவு சுலபமாக இருந்தாலும் உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான். கேபிளில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் இரண்டு மேக் முகவரிகள் (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உரிய அடையாள எண்கள்) இருக்கும்: யாருக்கு, யாரிடமிருந்து. வைஃபையில் நடுவில் ஹால் ரவுட்டர் உட்கார்ந்திருப்பதால் மூன்று தேவை. ஒன்று ஹால் ரவுட்டருடையது, ஒன்று அனுப்புபவருடையது, ஒன்று கடைசியில் யாருக்குப் போக வேண்டுமோ அவருடையது. இந்த ஏற்பாட்டில் ‘காற்றில் அனுப்பியவரும்’ ‘முதலில் எழுதியவரும்’ ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். போனுக்கு அது சரி. நம் கதையில் எழுதியவர் கம்ப்யூட்டர், காற்றில் அனுப்பியவர் பரண் ரவுட்டர், இரண்டு பேருக்கு ஒரு கட்டம்! கம்ப்யூட்டரின் முகவரியை அதில் போட்டால், ‘பாஸ்வேர்டு சொல்லி என்னிடம் சேர்ந்த ஆள் நீ இல்லையே’ என்று ஹால் ரவுட்டர் தள்ளிவிடும்.

அதனால் பரண் ரவுட்டர் ஒரு சின்னப் பொய் சொல்கிறது. அபார்ட்மென்டில் தங்கியிருக்கும் விருந்தாளிக்கு வரும் பார்சல் வீட்டுக்காரர் பெயரில்தானே வரும், வாட்ச்மேனுக்கு அந்தப் பெயர்தானே தெரியும்? அதே மாதிரி, வெளியே போகும் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரின் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது, பதில் வந்ததும் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) பார்த்து ‘இது உள்ளே இருப்பவனுக்கு’ என்று கேபிளில் தள்ளுகிறது. எந்த ஐபி எண்ணுக்கு எந்த மேக் முகவரி என்று காட்டும் ஆர்ப் பட்டியலை நான் கீழே லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தேன். டெஸ்க்டாப்புக்கு ஓர் ஐபி, பரண் ரவுட்டருக்கு வேறோர் ஐபி, ஆனால் இரண்டுக்கும் எதிரே ஒரே மேக் முகவரி. கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

பொய் சொல்லாமலும் செய்யலாம். வைஃபை தலைப்பில் நான்காவதாக ஒரு முகவரிக் கட்டத்துக்கும் இடம் உண்டு, அதைப் பயன்படுத்தும் முறைக்கு டபிள்யூடிஎஸ் என்று பெயர். இரண்டு ரவுட்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், வேறு வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

மூன்றாவது வழி, சில மெனுக்களில் ‘விஸ்ப்’ என்று இருக்கும். இதில் பரண் ரவுட்டர் தனக்கென்று குட்டி நெட்வொர்க் ஒன்றை நடத்தும், கம்ப்யூட்டர் அதற்குள் இருக்கும். நெட் பார்க்க மட்டும் என்றால் இதுவே நிம்மதி, ஆனால் கீழே இருக்கும் லேப்டாப்பால் மாடி கம்ப்யூட்டரில் பகிர்ந்த ஃபோல்டரை நேரடியாகத் திறக்க முடியாது. இதில்தான் நான் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வைஃபை சேர்ந்துவிட்டது, விளக்கு பச்சையாக எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை. பார்த்தால் ஹால் ரவுட்டரும் 192.168.1.1, பரண் ரவுட்டரும் 192.168.1.1. ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் என்ன ஆகும்? பரண் ரவுட்டரை 192.168.2.1 என்று மாற்றினேன், உடனே வந்தது. பிரிட்ஜ் மோட் என்றாலும் இதே மாதிரி எண் மோதாமல் பாருங்கள், கூடவே பரண் ரவுட்டரில் ஐபி எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். ஐபி கொடுக்க வீட்டுக்கு ஒருவர் போதும். அப்புறம், கம்ப்யூட்டர் கேபிளைச் செருக வேண்டியது லேன் ஓட்டையில், வெளியிலிருந்து வரும் நெட்டுக்கான, தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) ஓட்டையில் இல்லை.

எல்லாப் பழைய ரவுட்டரும் இதற்கு ஒத்துவராது. என் பரணில் இருந்த இரண்டில் ஒன்று டெலிபோன் ஒயரில் நெட் வந்த காலத்து மோடம், அதன் மெனுவில் இந்த மோடே இல்லை, திரும்பப் பரணுக்கே போய்விட்டது. ‘ரிப்பீட்டர்’ என்று இருந்தால் அதுவும் வேலை செய்யும், ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திரும்ப வீசுவதால் அதன் வழியாக வைஃபையில் வருபவர்களுக்கு வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். கம்ப்யூட்டர் கேபிளில் இருக்கிற நமக்கு வெறும் கிளையன்ட் போதும். பழைய ரவுட்டர்களின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

யூஎஸ்பி குச்சியைவிட இது மேல் என்று நான் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. குச்சியை கேபினெட்டின் பின்னால் செருகினால் அது மேஜைக்கு அடியில், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், சிக்னல் சுணங்கும். ரவுட்டர் என்றால் கேபிள் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். முதலில் மானிட்டர் பக்கத்தில் வைத்தேன், இரண்டு கோடு சிக்னல். மூன்று மீட்டர் கேபிள் போட்டு மாடிப்படி பக்கத்துக் கதவு மேல் பலகைக்கு நகர்த்தினேன், நான்கு கோடு வந்துவிட்டது. துணி மடித்து வைக்க வாகான பலகை என்று அம்மாவுக்கும் தோன்றியிருக்கிறது, ரவுட்டர் சூடாகும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.