ஈயத்தைப் பிடித்த கரியை எங்கே போடுவது?

உமி, சோளத்தட்டை, மரத்தூள் என எந்தத் தாவரக் கழிவானாலும், காற்று அதிகம் படாமல் 300 முதல் 700 டிகிரி செல்சியஸில் சுட்டால் உயிர்க்கரி கிடைக்கும். தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அது பிடித்துக்கொள்ளும். தண்ணீர்ப் பரிசோதனை என் தொழில். இந்தக் கரிமேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கவலை.

கரியின் மேற்பரப்பிலுள்ள, ஆக்சிஜன் கொண்ட அணுத்தொகுதிகள் நேர்மின் அயனியான ஈயத்தை இழுத்துப் பிடிக்கின்றன. கரியிலிருந்து கால்சியம் வெளியேற, அந்த இடத்தில் ஈயம் உட்காருவதும் உண்டு. சுடும் வெப்பம் கூடக்கூட இந்தத் தொகுதிகள் குறையும். நுண்துளைகளும் காரத்தன்மையும் கூடும்.

அந்தக் காரத்தன்மைதான் பலரை ஏமாற்றுகிறது. சாம்பல் மிகுந்த கரியைக் கழுவாமல் ஈயக் கரைசலில் போட்டுக் குலுக்கினால், பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) சரசரவென்று ஏறும். ஈயம் கரையாத வெள்ளைப் பொடியாகப் படியும். வடிகட்டி அளந்தால் 99 சதவீதம் போய்விட்டது என்று வரும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் வடிகட்டியில் சாம்பல் கரைந்து போனதும் அந்தத் திறன் சரியும். அதனால் யார் சதவீதம் காட்டினாலும், கடைசியில் பிஎச் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன். தொடக்கத்தில் எவ்வளவு ஈயம் இருந்தது என்பது அடுத்த கேள்வி. லிட்டருக்கு 100 மில்லிகிராமில் 99 சதவீதம் நீங்கினாலும் 1 மில்லிகிராம் மிஞ்சும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மிஞ்சியது அதைப்போல 100 மடங்கு!

தண்ணீரில் கலக்கும் இன்னொரு நஞ்சான ஆர்சனிக்கின் கதை வேறு. தண்ணீரில் அது பெரும்பாலும் எதிர்மின் அயனியாகவோ மின்சுமை இல்லாமலோ இருக்கும். வெறும் கரி அதை அவ்வளவாகப் பிடிக்காது. இரும்பு ஏற்றிய கரி வேண்டும். நிறமோ வாசனையோ எதையும் காட்டிக்கொடுக்காது என்பதால், கரியில் வடிகட்டிய தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கவே கூடாது. பெயின்ட் அடித்த மரத்தையும், மாசுபட்ட மண்ணில் வளர்ந்த செடிகளையும் கரியாக்க வேண்டாம். அவற்றிலேயே உலோகம் இருக்கும்.

என்னை மிகவும் உறுத்துவது பயன்படுத்தி முடித்த கரி. உலோகம் அழியவில்லை, கரியில் குவிந்திருக்கிறது, அவ்வளவுதான். மண்வளத்துக்கும் உயிர்க்கரி போடும் வழக்கம் இருப்பதால், இதையும் வயலில் கொட்டிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து கொட்டாதீர்கள். அமிலத்தன்மையுள்ள மண்ணில் காட்மியம் மீண்டும் கரைந்து பயிருக்குள் போகும். எரித்தாலும் காட்மியம் புகையோடு கிளம்பும். அமிலத்தால் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கழுவிய அமிலத்தில் அத்தனை உலோகமும் இருக்கும், அதற்கும் வழி வேண்டும்.

வடிகட்டி அமைக்கும் முன்பே இதைத் திட்டமிடுங்கள். வெளிவரும் தண்ணீரைக் குறித்த இடைவெளியில் சோதித்து, உலோக அளவு ஏறத் தொடங்கியதும் கரியை மாற்றுங்கள். பழைய கரியை மூடிய பீப்பாயில் போட்டு, உலோகத்தின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி, அபாயக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.