ஈரலைக் கெடுத்தது அந்த மாத்திரை இல்லை

ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வந்தவர். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்று வந்ததும், குணமாகிவிட்டது என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். மூன்றாவது மாதம் கண் மஞ்சளானது. காமாலை என்றால் நம் ஊரில் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்தார்கள்: வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியத்தோடு இருபது நாள். என்னிடம் அழைத்து வந்தபோது அவருக்குப் பேச்சு குழறியது, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார். "அந்த மாத்திரைதான் டாக்டர் ஈரலைக் கெடுத்திருச்சு" என்று அவர் மனைவி அழுதார்.

கெடுக்கவில்லை, அவ்வளவு நாளும் அவருடைய ஈரலைக் காத்து வந்ததே அதுதான்.

அவருக்கு எச்.ஐ.வி.யோடு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியும் இருந்திருக்கிறது. இரண்டும் ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்று ஒரே வழிகளில் பரவுபவை. இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கும். அடக்கும் என்றுதான் சொல்கிறேன், அழிக்காது, ஏனென்றால் அந்தக் கிருமியின் மரபுப்பொருள் ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே தங்கிவிடும். மாத்திரை நின்றால் கிருமி மளமளவென்று பெருகும், அதைத் தாக்கப் போகும் நம் நோய் எதிர்ப்பு சக்தி, கிருமி குடியிருக்கும் ஈரல் செல்களையும் சேர்த்தே அழிக்கும். அவருக்கு நடந்தது இதுதான்.

எனக்கு அதிக வருத்தம் தந்தது வேறு. அவருடைய சிகிச்சைப் புத்தகத்தில் எச்.பி.எஸ்.ஏஜி என்ற இடம் காலியாகவே இருந்தது. ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை அது. யாராவது ஒருவர் செய்து, "உங்களுக்கு இது இருக்கிறது, இந்த மாத்திரை இரண்டு கிருமிக்கும் சேர்த்து" என்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கேளுங்கள்: எனக்கு ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்த்தாயிற்றா, முடிவு என்ன? தயங்கவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்துக்காக மருந்தை மாற்றும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள், டெனோஃபோவிரை எடுத்துவிட்டு லாமிவுடினை மட்டும் விட்டுவைத்தால் ஹெபடைடிஸ் பி நாளடைவில் அதற்குப் பழகிவிடும்.

கீழாநெல்லியைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் பங்கேற்ற சென்னை ஆய்வொன்று, அந்தக் கிருமிக்குக் கீழாநெல்லி நல்ல பலன் தருவதாக 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அப்படியானால் ஊரில் பலருக்குக் குணமாகிறதே? அவர்களில் நிறையப் பேருக்கு வருவது தண்ணீர், உணவு மூலம் பரவும் ஏ அல்லது இ வகை ஹெபடைடிஸ், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஏ.ஆர்.டி. எடுப்பவருக்குக் காமாலை வந்தால் அப்படிக் காத்திருக்க முடியாது, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காசநோய் மருந்தும் எடுப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், அதில் சில மருந்துகள் ஈரலைப் பாதிக்கும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

ஹெபடைடிஸ் சி-யில் நல்ல செய்தி உண்டு, அது குணமாகும் நோய். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை போதும், 2018-இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைத் தொடங்கும் முன்பும் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், சி அடங்கும்போது பி தலைதூக்கலாம்.

பி இல்லை என்று வந்தவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு சில சமயம் போதாது, அதனால் இரட்டை அளவில் போடுவதுண்டு. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு சக்தி 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்றும் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும்.

அவர் பிழைத்துக்கொண்டார். மாத்திரையை மறுபடி தொடங்கி, தேற நாலு மாதம் ஆனது. மனைவிக்குப் பரிசோதித்தோம், பி இல்லை. முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு, "ஒரே தட்டுல சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம், சவர பிளேடும் பல் பிரஷும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.