லைன் ஆர்ட்: கோட்டோவியமா, வரிக்கலையா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே பினாங்குத் தமிழர்களின் வாட்சாப் குழுக்களில் ஓர் அறிவிப்பு சுற்றத் தொடங்கிவிடும்: ‘கணினியில் வரிக்கலைக்கு வண்ணமூட்டிச் சுவரொட்டி தயாரிக்கும் பட்டறை’. முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சொல்லிக்கொடுப்பவர்களும் அப்படியே பேசுகிறார்கள், பிள்ளைகள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இனியும் சும்மா இருந்தால் அகராதியிலேயே ஏறிவிடும்.

அவர்கள் சொல்ல வந்தது, லைன் ஆர்ட்டுக்கு, அதாவது வண்ணமில்லாமல் கோடுகளால் மட்டும் வரைந்த படத்துக்கு, வண்ணம் தீட்டி வால்பேப்பர் (கைப்பேசி, கணினித் திரையில் பின்னால் நிற்கும் படம்) செய்யும் வேலை. ஆனால் மலேசியாவில் ‘வரி’ என்று சொன்னால் ஏப்ரல் மாதம் முடிவதற்குள் நிரப்ப வேண்டிய வருமான வரிப் பாரம்தான் கண்முன் வரும். கணக்காளராக இருக்கும் என் மைத்துனர் அறிவிப்பைப் படித்துவிட்டு, “வரிக்கலை சரி, நம்ம தொழில்தான். அதுக்கு எதுக்கு வண்ணம்?” என்று கேட்டார். கேட்டதில் என்ன தப்பு?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘லைன்’ லத்தீன் ‘லீனியா’விலிருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல் என்பது அதன் முதற்பொருள். லினன் துணியும் அதே குடும்பம். இழுத்துக் கட்டிய நூல் அவர்களுக்குக் கோடாயிற்று. நம் ‘கோடு’ வேறு வழி. கோடுதல் என்றால் வளைதல். ‘ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி’ என்ற 118ஆம் குறளில் இருப்பது அதுதான். யானைத் தந்தத்துக்கும் மாட்டின் கொம்புக்கும் கோடு என்று பெயர். ஓவியன் கை இழுக்கும் கோடு வளைந்து நெளிந்துதானே ஓடும்?

‘லைன் ஆர்ட்’ என்ற கூட்டுச்சொல் ஓவியப் பள்ளியிலிருந்து வந்ததல்ல, அச்சகத்திலிருந்து வந்தது. புகைப்படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல சாயல்கள் உண்டு. அதை அச்சிட வேண்டுமானால் புள்ளிகளாக உடைத்து ஆஃப்டோன் பிளாக் என்ற அச்சுத்தகடு செய்ய வேண்டும். வெறும் கறுப்பு மையில் வரைந்த படத்துக்கு அந்தப் பாடு இல்லை. நேரே துத்தநாகத் தகட்டில் அரித்து எடுத்துவிடலாம். அதுதான் லைன் பிளாக். அப்படி எடுக்கத் தோதான படம் லைன் ஆர்ட். இங்கே ‘ஆர்ட்’ என்பது அச்சகத்தாரிடம் கொடுக்கும் படம், அவ்வளவுதான். பரதமும் சிற்பமும் போல லைன் ஆர்ட் ஒரு தனிக் கலை என்று அந்தத் தொழிலில் யாரும் நினைத்ததில்லை.

‘வரிக்கலை’யின் முதல் கோளாறு இதில்தான் இருக்கிறது. ஆர்ட் என்ற சொல் கண்ணில் பட்டதும் ‘கலை’ என்று தட்டிவிடுவது ஒரு நோய். மலாய் வழியாகத் தொற்றியிருக்கவும் கூடும். ‘செனி’ கலை, ‘காரிஸ்’ கோடு. இரண்டையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டவைத்தால் இப்படித்தான் வரும். விளைவு என்ன? ‘உன் வரிக்கலையை அனுப்பு’, ‘வரிக்கலையைத் திற’ என்று வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது. கலையை எப்படி அனுப்புவது, எந்தச் சாவியால் திறப்பது?

‘வரி’க்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. வரித்தல் என்றால் எழுதுதல், கோலமிடுதல், வரிவடிவம் என்கிறோமே, தூய தமிழ், தொன்மையான தமிழ் என்பார்கள். அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் கோடும் தூய தமிழ்தான். இரண்டும் தூய்மையாக இருக்கும்போது, இன்றைக்கு எது தெளிவு என்றுதானே பார்க்க வேண்டும்? தொன்மையைக் காட்டிக் குழப்பத்தை நியாயப்படுத்துவது நம்மவர்களுக்குக் கைவந்த வேலை.

தெளிவுக்கு ஒரு புலி போதும். நம் நாட்டுச் சின்னத்திலேயே இருப்பதால் எல்லாப் பிள்ளைகளும் அதை வரைகிறார்கள். முதுகின் வளைவு, காது, வால், இவை உருவத்தை எல்லை கட்டி நிறுத்துபவை. அவை கோடு. உள்ளே உடம்பின் மேல் ஓடும் பட்டை பட்டையான கறுப்பு, அதுதான் வரி. வரிப்புலி, வரிக்குதிரை என்று நாம் சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். இப்போது கோட்டையும் வரி என்றே சொன்னால், ‘வரிக்கு வெளியே போகாமல் வரிக்குக் கறுப்பு அடி’ என்று பிள்ளையிடம் சொல்ல நேரும். அந்தப் பிள்ளை வால் எது, பட்டை எது என்று தெரியாமல் விழிக்கும்.

சொல் இல்லாத குறையா? ‘கோட்டோவியம்’ பல காலமாக இருக்கிறது. வார இதழ்க் கதைகளுக்குப் பேனாவால் போட்ட படங்களை அப்படித்தான் அழைத்தார்கள். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் தெருக்களில் மாநில அரசு வைத்த 52 இரும்புக்கம்பிச் சித்திரங்களைப் பாருங்கள். புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய கதையைச் சொல்லும் ஒன்றும் அவற்றில் உண்டு. கம்பி வளைந்து உருவம் காட்டுகிறது, நடுவில் எதுவும் இல்லை, பின்னால் இருக்கும் பழைய சுவர் அப்படியே தெரிகிறது. கோட்டோவியம் என்றால் என்ன என்று கேட்பவரை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும்.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ வருகிறது. கணவனைப் பிரிந்து நகையெல்லாம் களைந்து கிடக்கும் அரசிக்கு உவமை அது. வண்ணம் கொண்டு எழுதாமல் வடிவை மட்டும் கோட்டிய சித்திரம் என்ற கருத்தில் நச்சினார்க்கினியர் உரை சொல்கிறார். இனிமேல் வண்ணம் ஏற வேண்டிய படம் என்ற நிலையை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வகுப்பறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ‘புனையா’வுக்கு உரை சொல்லி முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.

என் பக்கத்தில் உள்ள ஒரு தொல்லையையும் மறைக்கக் கூடாது. கோட்டோவியம் நீளம் என்று வேலையின்போது ‘கோடு’ என்று சுருக்கிக்கொள்வோம். அங்கே வேற்றுமை உருபு காலை வாரிவிடும். கணினியில் ஒரே படத்தை, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போலப் பிரித்து வரைவோம். அப்படி ஒரு தாள்தான் லேயர். வண்ணம் தீட்டும்போது கோடுள்ள லேயர் மேலே, வண்ணம் கீழே. கோட்டு லேயரில் தவறிக் கை படாமலிருக்க அதைப் பூட்டிவைக்க வேண்டும். ‘கோட்டைப் பூட்டு’ என்றால் பினாங்குப் பிள்ளைகள் ‘எந்தக் கோட்டை, கோர்ன்வாலிஸ் கோட்டையா?’ என்று கேட்பார்கள். கேட்டும் விட்டார்கள். ‘கோட்டு லேயரைப் பூட்டு’ என்று சொன்னால் தீர்ந்தது.

‘வரி’க்காரர்கள் வேலையில் இறங்கிப் பார்த்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியிருக்காது. பென்சிலில் வரைந்ததை ஸ்கேன் செய்தால் தாளின் வெள்ளையும் சேர்ந்தே வரும். அந்த லேயரை மல்டிப்ளை முறைக்கு மாற்றினால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். காரணம் பள்ளிக்கூடப் பெருக்கல்தான். வெள்ளை 1, கறுப்பு 0. கீழே உள்ள நிறத்தை 1ஆல் பெருக்கினால் அதே நிறம், 0ஆல் பெருக்கினால் கறுப்பு. அடுத்தது வண்ணம் ஊற்றுவது. கோடு எங்காவது ஒரு மயிரிழை விட்டுப் போயிருந்தால் புலியின் மஞ்சள் வழிந்து தாள் முழுக்கப் பரவிவிடும். கோடு மூடியிருந்தாலும் அதன் ஓரத்தில் சாம்பல் நிறப் பிக்செல்கள் (படத்தின் நுண்புள்ளிகள்) இருப்பதால் ஊற்றிய வண்ணம் சற்று முன்னாலேயே நின்றுவிடும், வெள்ளையாக ஒரு விளிம்பு தெரியும். வண்ணம் ஊற்றத் தெரிவுசெய்த பகுதியை ஒன்றிரண்டு பிக்செல் விரித்து, வண்ணத்தைக் கோட்டுக்கு அடியில் நுழைய விட வேண்டும். ஆக, எல்லை கட்டுவதுதான் இங்கே கோட்டின் வேலை. எல்லைக்கோடு என்கிறோம், எல்லைவரி என்று யார் சொல்கிறார்கள்?

அறிவிப்பில் இருந்த ‘சுவரொட்டி’ பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சுவரொட்டி என்றால் போஸ்டர். தேர்தல் வந்தால் ஊர் முழுக்கத் தெரியும். ‘சுவர்த்தாள்’ வீட்டுச் சுவரில் ஒட்டும் தாளுக்குச் சரி. கைப்பேசியில் சுவர் ஏது? திரையில் இருக்கும் படம் என்று நேராகச் சொல்லலாம் என்றால் ‘திரைப்படம்’ என்ற சொல்லைச் சினிமாக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்றை, 1996இல் கலிஃபோர்னியாவில் எடுத்த அந்தப் புகைப்படத்தை, உலகமே பார்த்தது. அதை நாம் ‘பின்னணிப் படம்’ என்று சொன்னபோது எல்லோருக்கும் புரிந்தது. திரைப்பின்னணி என்றாலும் சரி. இரண்டும் வாயில் வரவில்லையென்றால் வால்பேப்பர் என்றே எழுதுங்கள், தப்பான தமிழுக்கு அது மேல்.

லேயருக்கு மட்டும் நான் இன்னும் தமிழ் போடவில்லை. ‘அடுக்கு’ என்றால் ஒரு தகடா மொத்தக் குவியலா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ‘படலம்’ என்றால் அவர்களின் பாட்டிமார் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். ‘ஏடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கும் எதிர்க்கட்சி இப்போதே தயார்.