பிள்ளையின் கண்மணி என்ன சொல்கிறது?

மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால்கள் நிறைந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கண் சிவப்பது சாதாரணம். வெண்ணாற்றில் மணிக்கணக்காக முங்கிக் குளித்தாலும் சிவக்கும், களத்தில் நெல் தூசி பட்டாலும் சிவக்கும். மெட்ராஸ் ஐ வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கண் சிவந்திருக்கிறது, கஞ்சாதான் என்று எந்த அம்மாவும் அப்பாவும் அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. ஆனால் கண்ணைப் பார்க்காமலும் இருந்துவிடக் கூடாது.

கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. வெள்ளை விழியின் நுண்ணிய குழாய்களும் விரிவதால் கண் சிவக்கிறது. இந்தச் சிவப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மெட்ராஸ் ஐ அப்படியல்ல. பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், நாள்கணக்கில் நீடிக்கும். ஆற்றுப் பக்கமே போகாத நாளில் கண் சிவந்து வருவது, வந்ததும் அகோரப் பசி, பாதிப் பேச்சில் சொல்ல வந்ததை மறப்பது, புத்தகப் பையில் கண் சொட்டு மருந்துப் புட்டி என நாலும் சேர்ந்து, திரும்பத் திரும்ப வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைகளின் கதை வேறு. கருவிழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்தான் கண்மணி. அதைச் சுருக்க ஒரு தசை, விரிக்க ஒரு தசை என இரண்டு உண்டு. டேபென்டடால் போன்ற அபின் வகை மாத்திரைகள் மூளையில், கண்மணியைச் சுருக்கும் நரம்பைத் தூண்டிவிடுகின்றன. உச்சி வெயிலில் எல்லோருக்கும் கண்மணி சிறுத்துத்தான் இருக்கும், அப்போது பார்த்துப் பயனில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது பாருங்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் உங்கள் கண்மணி அகன்றிருக்கும். பிள்ளையின் கண்மணி மட்டும் ஊசிமுனை போலச் சிறுத்திருந்து, கூடவே தூங்கி வழிவதும் உடம்பைச் சொறிவதும் இருந்தால் அது சாதாரண அசதியாக இருக்காது.

மாத்திரை கிடைக்காத நாளில் இதெல்லாம் தலைகீழாகும். கண்மணி விரியும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு கலங்கும், கை கால் குடையும். வீட்டில் சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுப்போம். வெளியே போய்வந்த அரை மணி நேரத்தில் அந்தச் "சளி" மாயமாக மறைந்தால், அது சளி இல்லை.

உதட்டுக்குள் அடக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலத்துக்குப் புகையும் இல்லை, நாற்றமும் குறைவு. வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ள முடியும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா வகைகளுக்குத் தடை இருந்தும் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகிறது. உதட்டின் உள்தோல் மிக மெல்லியது. நிகோடின் அதன் வழியே நேராக இரத்தத்துக்குப் போகிறது. வழக்கமாக வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கும், ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோலத் தெரியும். பல் மருத்துவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

மது குடித்த வாயைப் பாக்கு போட்டு மறைக்க முடியாது. வாசனை வாயிலிருந்து மட்டும் வரவில்லை. இரத்தத்தில் கலந்த மது நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர் முகர்கிற பிள்ளையிடம் ரசாயன நெடியும், வாயைச் சுற்றிப் புண்ணும் இருக்கும். இதை நான் மிகவும் அஞ்சுகிறேன். முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம்.

சரி, ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கிறானே, எரிந்து விழுகிறாளே என்றால்? பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாமதமாகவே சுரக்கிறது. நேரம் கழித்துத் தூங்குவது இயல்பு. இன்பம் தேடும் மூளைப் பகுதி முந்திக்கொள்ள, பின்விளைவை எடைபோடும் முன்மூளை முதிர 25 வயதாகிறது. கோபமும் துணிச்சலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். கபடிக்கு ஓடியவன் மைதானத்துக்கே போவதில்லை, பழைய சிநேகிதர்கள் யாரும் வருவதில்லை, பெட்டியில் வைத்த பணம் குறைகிறது என்றால் அப்போது கேளுங்கள்.

போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள். மறுநாள், தெளிந்த பிறகு, தம்பி தங்கைகள் இல்லாத இடத்தில், பார்த்ததை மட்டும் சொல்லிக் கேளுங்கள். அடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வான். போதை மீட்புக்கு 14446, மன நலத்துக்கு 14416 என்ற எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துப் போகலாம்.

எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் "தூங்கித் தெளியட்டும்" என்று விடாதீர்கள். வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள்.