ஃப்ரன்ட்கோர்ட்: கூடையடியில் நிற்பவர்களுக்கு ஒரு சொல்

கூடைப்பந்தில் 'ஃப்ரன்ட்கோர்ட்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று இடம்: ஓர் அணி எந்தக் கூடையில் பந்தைப் போட வேண்டுமோ, அந்தக் கூடை இருக்கிற பாதி மைதானம். சர்வதேச விதிப்படி 8 விநாடிக்குள் பந்தை அங்கே கொண்டுபோய்விட வேண்டும். மற்றொன்று ஆட்கள்: ஐந்து பேரில் இரண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர். இந்த மூவரையும், அவர்களுக்கு மாற்றாக பெஞ்சில் இருப்பவர்களையும் சேர்த்தே 'அந்த அணியின் ஃப்ரன்ட்கோர்ட் பலமானது' என்கிறார்கள்.

தமிழில் 'முன்களம்' என்று எழுதுகிறோம். இடத்துக்கு அது கச்சிதமான சொல். ஆட்களுக்குத்தான் சரிவரவில்லை. எதிரணி பந்தோடு வரும்போது இந்த மூவரும் தங்கள் கூடைக்குக் கீழே, அணியிலேயே கடைசி ஆளாக நிற்கிறார்கள். அவர்களைப் போய் 'முன்கள வீரர்கள்' என்றால் புதிதாக ஆட்டம் பார்க்க வந்தவர் குழம்பிப்போவார்.

'சென்டர்' இதைவிடச் சிக்கல். மைதானத்தின் மையத்தில் நிற்காதவருக்கு ஏன் அந்தப் பெயர்? 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து மேலே எறிவார்கள். இரு அணியிலும் உயரமானவர்கள் எகிறித் தட்டுவார்கள். அப்படி நடுவில் நின்று எகிறியவர்தான் சென்டர். 1937-ல் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். இப்போது நடுவட்டத்தில் எகிறுவது பெரும்பாலும் ஆட்டத் தொடக்கத்தில்தான். ஆள் கூடைக்குக் கீழே குடிபோய்விட்டார், பெயர் மட்டும் நடுவட்டத்திலேயே நின்றுவிட்டது. தமிழில் 'நடு'வை வைத்தும் சொல் அமைக்க முடியாது. விசில் ஊதுகிறவர் ஏற்கெனவே நடுவர்.

பழைய பயிற்சியாளர்கள் சிலர் சென்டரை 'பிவட்' என்பார்கள். அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். கதவு திரும்புவதற்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளையைக் குறிப்பது. தமிழில் அதற்குக் குடுமி என்று பெயர். கீல் வருவதற்கு முந்தைய மரக்கதவுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஒரு காலை ஊன்றி, மற்றக் காலால் சுற்றித் திரும்பும் அசைவுக்கு 'பிவட்' பொருத்தமான பெயர். அந்த அசைவு ஐந்து பேருக்கும் வேண்டும் என்பதால் ஒருவருக்கு மட்டும் அதைப் பட்டமாகக் கட்ட வேண்டியதில்லை.

அடுத்து, கூடைக்குக் கீழே ஆடும் உயரமானவர்களைக் குறிக்கும் 'பிக் மேன்'. நம் பிள்ளைகள் வாயில் இது 'நெட்டை' ஆகிவிடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வளர்ந்துவிட்ட பையனை உயரத்தைப் பார்த்தே கூடைக்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ தூரத்திலிருந்து போடவோ அவனுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வின் 2023 புதுவீரர் தேர்வில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த விக்டர் வெம்பன்யாமாவைப் பாருங்கள். ஏழடிக்கு மேல் உயரம். எதிரணி எறியும் பந்தைத் தடுத்துவிட்டு, அடுத்த நொடி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து போடுகிறார். உயரத்தை வைத்துப் பெயர் சூட்டினால் இந்த ஆட்டம் அதில் அடங்காது.

அப்படியென்றால் எதை வைத்துச் சொல்வது? வேலூரில் சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு ஏதாவது ஒரு சிமென்ட் கோர்ட்டின் ஓரம் போய் நின்றால் விடை காதில் விழும். "ரிங்காண்ட நில்லுடா! உன் ஆளை முதுகாலே தள்ளி மறி, அப்புறம் எகிறு!" பி.டி. சார் கத்துவது இதைத்தான். பையன் முட்டியை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு கையையும் விரித்து, பின்னால் இருப்பவனை முதுகிலேயே வைத்திருக்கிறான். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்த பிறகுதான் அவன் பாதம் தரையை விடுகிறது. வீட்டாண்ட, கடையாண்ட என்று வட ஆர்க்காட்டில் சொல்கிற அந்த 'ஆண்ட', 'அண்டை' என்ற பழைய சொல்தான். பயிற்சியாளர் சொல்வது உயரத்தையோ மையத்தையோ அல்ல, இடத்தை.

எழுத்துத் தமிழில் இதற்கு 'அடி' இருக்கிறது. மரத்தடி, தேரடி போலக் கூடையடி. இந்த மூவரும் கூடையடி ஆட்டக்காரர்கள். 'அடி' என்றால் அடிப்பது என்று மயக்கம் வராதா என்று கேட்கலாம். வராது. கூடைப்பந்தில் நாம் பந்தைப் போடுகிறோம், அடிப்பதில்லை. தாக்கும்போதும் காக்கும்போதும் அவர்கள் வேலை பெரும்பாலும் கூடையை ஒட்டியே நடக்கிறது, அதனால் இரண்டு பக்கத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

மிச்சம் இருப்பது 'ரொட்டேஷன்'. 'சுழற்சி' என்று எழுதினால் இந்தப் பக்கத்து வாசகருக்குக் கைப்பந்துதான் நினைவுக்கு வரும். அதில் வீரர்கள் உண்மையிலேயே இடம் சுழல்வார்கள். கூடைப்பந்தில் ரொட்டேஷன் என்பது யார் எப்போது இறங்குவது, யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்ற ஏற்பாடு. கூடையடியில் இடியும் உரசலும் அதிகம், ஃபவுலும் அதிகம். சர்வதேச ஆட்டத்தில் 5 ஃபவுல், என்.பி.ஏ.வில் 6 ஆனால் ஆள் வெளியே. இளம் வீரர்கள் அவசரப்பட்டுக் கையை வீசி முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிடுவார்கள். அதனால் மூன்று இடத்துக்கு நான்கைந்து பேராவது தேவை. ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுகிற மாவட்டம் இது. 'முறை' என்ற சொல்லே இதற்குப் போதும்.

2025-ல் என்.பி.ஏ. பட்டம் வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டரையே எடுத்துக்கொள்வோம். செட் ஹோம்கிரன், ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் என்று கூடையடியில் இரண்டு நெடிய ஆட்கள். இறுதிப்போட்டியின் முதல் மூன்று ஆட்டங்களில் ஹார்ட்டன்ஸ்டைன் பெஞ்சிலிருந்து வந்தார், நான்காவதில் தொடக்க ஐவருக்குத் திரும்பினார். 'தண்டர் நான்காவது ஆட்டத்தில் கூடையடி முறையை மாற்றியது' என்று எழுதினால் காட்பாடியில் படிக்கிற பிள்ளைக்கும் ஒரே வாசிப்பில் புரியும்.