அந்த மூடியைப் பிடுங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. ஏழு வயது. ஆட்டிசம் என்று சான்றிதழ் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யும் வாங்கிவிட்டார்கள். காலையில் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடு, குச்சி பட்ட தடிப்பு. கூட்டிவந்த ஆச்சியிடம் கேட்டேன். "ஒரே அடம் டீச்சர். ராத்திரி பூரா கத்தல். அவங்க அப்பா ரெண்டு போட்ட பிறகுதான் அடங்கினான்" என்றார். ஆச்சிக்குப் பேரன் என்றால் உயிர். தோசையை அவனுக்குப் பிடித்த மாதிரி சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி டப்பாவில் போட்டு எடுத்துவருவது அவர்தான். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

14 வருடமாகத் தொடக்க வகுப்புப் பிள்ளைகளோடு சிறப்பாசிரியராக இருக்கிறேன். 'அடம்' என்கிற இந்த ஒரு சொல் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதலை நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றைக்குத்தான் எங்கள் வகுப்புக்கு ஒரு பயிற்சி மாணவியும் முதல் நாளாக வந்திருந்தார். பி.எட். சிறப்புக் கல்வி படிக்கிறவர். இரண்டு வருடப் படிப்பில் இப்படி வகுப்பறைக்கு வந்து பழகுவதும் ஒரு பகுதி. புது அப்சர்வேஷன் நோட்டு, ராத்திரி கண் விழித்து வெட்டி ஒட்டிய அட்டைகள், ஒரு பை நிறைய மணிகள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். எட்டுப் பிள்ளைகள், நான், ஒரு ஆயாம்மா, இப்போது அவரும்.

காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம் சொல்வோம். அவரைச் செய்யச் சொன்னேன். "வணக்கம் சொல்லு... சொல்லு கண்ணா... மிஸ்ஸைப் பாரு... இங்க பாரு... கையைத் தூக்கு" என்று ஒரே மூச்சில் ஐந்து கட்டளை. பிள்ளை முதல் சொல்லையே இன்னும் வாங்கி முடித்திருக்கவில்லை. பக்கத்தில் போய், "ஒரு தடவை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணும்மா" என்றேன். அடுத்த பிள்ளையிடம் எண்ணினார். அவர் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழோ எட்டோ எண்ணியிருப்பார், அந்தச் சின்னக் கை மெல்ல நெஞ்சுவரை எழும்பியது. பள்ளி முழுக்க இந்தப் பத்து விநாடி கிடைக்காமலேயே 'சொன்னால் கேட்க மாட்டான்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ.

சரி, மூடிக்கு வருகிறேன். அந்தக் கோடு விழுந்த கால்காரன் எப்போதும் இடது கையில் ஒரு நீல நிறத் தண்ணீர்ப் பாட்டில் மூடி வைத்திருப்பான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல் நுனியில் சுற்றுவான். 11.20க்கு மணி கோக்க வைக்கலாம் என்று பயிற்சி மாணவி அவனை உட்கார வைத்தார். மணி கோக்க இரண்டு கையும் வேண்டுமே, அதனால் மூடியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அலறிக்கொண்டு தரையில் விழுந்து பின்மண்டையை இடிக்க ஆரம்பித்தான். அவர் பதறிப்போய் மூடியைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதைத் தூக்கி எறிந்தான். இன்னும் சத்தமாக அழுதான்.

ஆயாம்மா மற்ற பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நான் தலைக்கடியில் பாயை மடித்து வைத்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, இரண்டடி தள்ளி அவன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். பேசவில்லை. அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து வருகிற ஆறுதலும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். 20 நிமிடம் ஆயிற்று. அடங்கிய பிறகு தண்ணீர் கொடுத்தேன். சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் கேட்டார்: "மூடியைத்தான் உடனே கொடுத்துட்டேனே மேடம், அப்புறமும் ஏன் அடம்?"

பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கடை வாசலில் சாக்லேட் கேட்டுப் புரளுகிற பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். மாமா வந்தால் குரலைக் கூட்டும். தலை கல்லில் படாமல் பார்த்துப் புரளும். சாக்லேட் கைக்கு வந்ததும் அழுகை நிற்கும். அதை அடம் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. எங்கள் பையன் யாரையும் பார்க்கவில்லை, தலை எங்கே இடிக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை, கேட்டதாக நீங்கள் நினைத்த பொருளைக் கொடுத்தும் நிற்கவில்லை. ஏனென்றால் அவன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தாங்க முடியாத அளவுக்கு ஏதேதோ சேர்ந்துபோய் உடைந்துவிட்டான். எங்கள் தொழிலில் இதை மெல்ட்டவுன் என்போம். வேண்டுமென்று ஆரம்பிப்பதும் கிடையாது, வேண்டும்போது நிறுத்தவும் அவனால் ஆகாது. நிறுத்தவே முடியாத ஒன்றுக்கு அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்றுகூட அந்தப் பிள்ளைக்குப் புரியாது.

"அடித்த பிறகு அடங்கினானே" என்கிறீர்கள். பயந்துபோய் அடங்கியிருப்பான், இல்லை களைத்துப்போய் அடங்கியிருப்பான். கத்தினால் அடி என்று பழகிய பிள்ளைகள் கத்தாமல் தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடம் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தினால் செல்போன் கிடைக்கும் என்று தெரிந்து கத்துகிற பிள்ளைகளும் எங்களிடம் உண்டு. அங்கேயும் அடி வேண்டாம். கத்தாமல் கேட்பதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுங்கள், கையை நீட்டுவதோ, படத்தை எடுத்துத் தருவதோ. கத்தினால் போன் தருவதில்லை என்று முடிவெடுத்தால் முதல் சில நாள் கத்தல் கூடும், அப்புறம்தான் இறங்கும். நான்காம் நாள் மனது கேட்காமல் கொடுத்தீர்களானால், நான்கு நாள் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி.

ஆச்சியிடம் திரும்ப வருகிறேன். முந்தின நாள் என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் நடக்கலையே டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து ஒவ்வொன்றாக வந்தது. கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். மேளத்துக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துப் பட்டியில் லேபிள் வெட்டாத புதுச் சட்டை. பந்தியில் இடம் கிடைத்துச் சாப்பிடும்போது மணி 3. திரும்பும்போது வழக்கமான பேருந்து இல்லை, வேறு பாதை. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்துகிற பிள்ளை அவன். இவ்வளவையும் வாய் திறந்து சொல்ல முடியாமல் சுமந்துகொண்டு வீடு வந்திருக்கிறான், ராத்திரி உடைந்தான், அடி வாங்கினான். அந்தக் களைப்போடு மறுநாள் வகுப்புக்கு வந்தவனிடமிருந்துதான் நாங்கள் மூடியை எடுத்தோம்.

அதனால் தயவுசெய்து முதலில் முன்னால் நடந்ததைப் பாருங்கள். சட்டை லேபிளை வெட்டுங்கள். மிக்ஸி போடுவதற்கு முன், கிளம்புவதற்கு முன், கையில் இருப்பதை வாங்குவதற்கு முன் சொல்லுங்கள். சொன்னால் புரியாது என்று நினைத்தால் காட்டுங்கள், படமாகவோ பொருளாகவோ. படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். 1985இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும், வேண்டிய பொருளின் படத்தைப் பிள்ளை எடுத்துக் கொடுத்துக் கேட்கிற பட அட்டைப் பரிமாற்ற முறையை உருவாக்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அதனால் பேச்சு நின்றுபோனதாக எந்த ஆய்வும் சொல்லவில்லை. வாய் வராத பிள்ளையிடமிருந்து அட்டையையும் பறித்தால் அதற்குக் கத்தலைத் தவிர என்னதான் மிச்சம்?

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். காது, பல், வயிறு. மூன்று வாரம் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்குக் கடைசியில் கடைவாய்ப் பல் சொத்தை. மலச்சிக்கலை யாரும் யோசிப்பதே கிடையாது. வலிப்பு வருகிற பிள்ளைகளும் எங்களிடம் நிறைய, அதையும் சொல்லிவிடுகிறேன்: கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. அடம் பிடிக்கிறான், எங்களால் முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவைக்கிறீர்களே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடுகிற 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியிலோ அங்கீகாரத்திலோ நடக்கிற பள்ளி எதுவும் பாகுபாடு காட்டாமல் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இதைத் தெரியாது என்று ஒரு தலைமையாசிரியர் சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் பயிற்சி மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "11.20: மாணவன் அடம் பிடித்தான், 20 நிமிடம்" என்று இருந்தது. மூன்று கட்டம் போடச் சொன்னேன்: முன்னால் என்ன, என்ன செய்தான், பின்னால் என்ன. ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தவர் பழைய வரியை அடித்துவிட்டு முதல் கட்டத்தில் எழுதினார்: "அவனிடம் சொல்லாமல் மூடியை எடுத்தேன்." மறுநாள் மூடி போட்டாலும் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். முதலில் மணி, பிறகு மூடி என்று இரண்டு படம். மூடியை டப்பாவில் போடச் சொல்லி அவன் முன்னாலேயே வைத்து, பத்து எண்ணினார், திரும்பவும் எண்ணினார். அவனே போட்டான். ஒரே ஒரு மணி கோத்தான். மூடியை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு ஒன்று போதும்.

இந்த மூன்று கட்டத்தை நீங்களும் வீட்டில் போடலாம், பழைய நோட்டு போதும். ஒரு வாரம் எழுதி அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆச்சியிடமும் சொன்னேன். "எனக்கு எழுதத் தெரியாதே டீச்சர்" என்றார். சரி, காலையில் வாசலில் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவன் அப்பாவையும் ஒரு நாள் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. ஆச்சி மட்டும் தவறாமல் சொல்கிறார். நேற்றுச் சொன்னது: "குக்கர் வைக்கிறதுக்கு முன்னாடியே விசிலைக் கையில எடுத்து அவன்கிட்ட காட்டிட்டேன் டீச்சர். காதைப் பொத்திக்கிட்டு உள் ரூமுக்குப் போய்ட்டான். கத்தலை."